சூப்பர்மேனுக்குக் கம்பனியோடு சண்டை, காமனுக்குச் சிவனோடு சண்டை: தெரியுமா உங்களுக்கு?

சூப்பர்மேன் இப்போது ஒரு கம்பனியோடு மல்லுக்கு நிற்கிறார், தெரியுமா? 2024 நவம்பரில் டீசி நிறுவனம் வெளியிட்ட 'அப்சலூட் சூப்பர்மேன்' முதல் இதழைப் புரட்டிப் பாருங்கள். வானளாவிய கட்டடம் இல்லை, பத்திரிகை அலுவலகம் இல்லை, மூக்குக்கண்ணாடி மாட்டிய கிளார்க் கென்ட் இல்லை. பிரேசிலில் ஒரு சுரங்கம். ஆட்களைச் சக்கையாய்ப் பிழியும் லாசரஸ் என்ற கம்பனி. துவக்கு ஏந்திய அதன் காவல்படை. எதிரே, சுரங்கத் தொழிலாளர் பக்கம் நிற்கிறான் ஓர் இளவட்டம். அட, கிரிப்டன் கிரகத்தில்கூட இவன் வீடு மேட்டுக்குடி வீடு இல்லையாம்! பழைய கதையில் தகப்பன் ஜோர்-எல் மாபெரும் விஞ்ஞானி. புதிய கதையில் அது உடம்பு நோக வேலை செய்து சாப்பிடும் குடும்பம். ஜேசன் ஏரன் எழுத, ரஃபா சண்டோவல் வரைந்திருக்கிறார்.

பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற அனுபவம் வீட்டில் ஒருவருக்காவது இருக்கிற நம்மவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. படம் அபாரம். செந்தூளாய்க் கலைந்து பறக்கும் அந்த மேலங்கிக்கே காசு கொடுக்கலாம். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. சுரங்கத்து ஆட்களுக்கு வாய் போதவில்லை. காப்பாற்ற ஒருவன் வரும்வரை சும்மா நிற்கிறார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் அப்படி நிற்கவில்லை. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் உயிர் போனது. மேலங்கி போட்டவர் ஒருவரும் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. ஏரன் அடுத்த பாகம் எழுதுவதற்குள் யாராவது அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்களேன்!

பேட்மேன் கதை தெரியுமா? அவருடைய பங்களாவைப் பிடுங்கிவிட்டார்கள்! ஸ்கொட் ஸ்னைடர் எழுதி நிக் டிரகோட்டா வரைந்த 'அப்சலூட் பேட்மேன்' 2024 ஒக்டோபரில் வந்தது. இதில் புரூஸ் வேய்ன் கோடீசுவரன் இல்லை, நகரத்துக் கட்டுமானங்களைக் கவனிக்கும் ஒரு பொறியியலாளர். அப்பா வாத்தியார். அம்மா உயிரோடு இருக்கிறார்! மாளிகை இல்லை, பணியாள் இல்லை. மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரித் தலை! இதுநாள்வரை பேட்மேனை எனக்குப் பிடித்ததே கிடையாது. துரை பங்களாவில் இருந்துகொண்டு இரவில் மட்டும் ஏழைகளுக்காக உருகுகிற ஆளை எப்படி நம்புவது? இந்தப் பேட்மேனை நம்பலாம். இவ்வாண்டுகளில் வந்த வீரநாயக இதழ்களில் எனக்கு முதலிடம் இவருக்குத்தான், சூப்பர்மேனுக்கு இரண்டாமிடம்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். வெளிவந்தபோது இந்த இதழ்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 டொலர். அப்போது நம் காசில் சுமார் 1,500 ரூபா. அந்தப் பேட்மேன் வெளிவருவதற்குச் சரியாக முந்திய மாதம், 2024 செப்டெம்பரில், தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானமானது. அன்று ஒரு நாள் முழுப்பேர் போட்டாலும் ஓர் இதழ் வாங்க முடிந்திருக்காது! தொழிலாளி வர்க்க வீரனைப் படைத்தவர்கள் தொழிலாளிக்கு எட்டாத விலையைப் போட்டுவிட்டார்கள்.

இதிலும் விசித்திரம், சூப்பர்மேனைப் படைத்தவர்களே கூலிக்கு வேலை செய்த பொடியன்கள்தான்! கிளீவ்லண்ட் நகரத்து ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர். 1938இல் சூப்பர்மேன் உரிமை முழுவதையும் அவர்கள் எழுதிக்கொடுத்தது எத்தனைக்குத் தெரியுமா? 130 டொலருக்கு! அதை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சூப்பர்மேன் முதன்முதல் தோன்றிய 'அக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரே ஒரு பிரதி 2024இல் ஏலத்தில் போனது 60 இலட்சம் டொலருக்கு. கொழுந்து பறித்தவள் கணக்கையும் லண்டன் கடையில் பொட்டலமாய் விற்றவன் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

அந்தச் சீகல் எழுதிய கதைகள் தமிழில் வந்திருக்கின்றன, அவர் எழுதியவை என்று அறியாமலே நம்மில் பலர் வாசித்தும் இருக்கிறோம்! சூப்பர்மேனை இழந்தபின் அறுபதுகளில் சீகல் 'லயன்' என்ற பிரித்தானிய வார இதழுக்கு எழுதினார். பாத்திரம், ஸ்பைடர். சிலந்தி மனிதன் இல்லை, இது வேறு! கூர்த்த காது, கறுப்பு உடை, முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு. உலகக் கொள்ளையர் எல்லாருக்கும் அரசனாக வேண்டும் என்பதே ஆளின் இலட்சியம். 1965இல் டெட் கோவன் தொடங்கி வைக்க, பிறகு சீகல் எழுதித் தள்ளினார். சிவகாசி லயன் காமிக்ஸ் வழியே அந்த ஸ்பைடர் தமிழ் பேசினார், அப்படியே கடல் தாண்டினார். லயத்துக் காம்பராவில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து ஸ்பைடர் படித்த பிள்ளை, சூப்பர்மேனைப் படைத்த கையின் எழுத்தையே படித்தது!

இப்போது இரும்புக்கை மாயாவிக்கு வருவோம். இவரைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1962 ஒக்டோபரில் லண்டன் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். எழுதியவர்கள் கென் புல்மரும் பின்னர் டொம் டல்லியும். வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த மனிதரின் நிழலும் வெளிச்சமும் இன்றைக்கும் யாருக்கும் கைவராத வித்தை! கதைநாயகன் லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளர். வலது கை போய் இரும்புக்கை வந்தது. இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்ந்தது. உடம்பு மறைந்தது, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதந்தது! முதலில் வில்லன், பிறகு திருந்தி உளவாளி. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். முல்லை தங்கராசனின் பதிப்பில் வெள்ளைக்காரக் கிராண்டேல் நம் பக்கத்து வீட்டு மாயாவியாகிவிட்டார். ராணி காமிக்ஸில் வந்த முகமூடி மாயாவியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் 1936இல் லீ ஃபோக் படைத்த அடர்காட்டு வீரர், வேறு ஆள்.

சரி, மாயாவி மறைவது எப்படி? மின்சாரத்தில் கையை வைக்க வேண்டும். கரண்டு இல்லையென்றால் மறைய முடியாது. அதுதான் கதையின் சட்டம். அப்படியென்றால் அந்த நாட்களில் மாயாவி நம் லயத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது! லயத்தில் எங்கே இருந்தது கரண்டு? குப்பி லாம்புப் புகையில் மாயாவி திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றிருப்பார். கையை வைக்க வேண்டுமானால் ஸ்டோருக்கோ பங்களாவுக்கோ ஓடியிருக்க வேண்டும்.

சிரிக்கலாம், ஆனால் இதைக் கேளுங்கள். இந்தத் தீவுக்கு நீர்மின்சாரம் பிறந்ததே இந்த மலையில்தான்! டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1912இல் நானுஓயாப் பக்கம் பிளாக்பூலில் சின்ன நீர்மின் நிலையம் கட்டி நுவரெலியாவுக்கு விளக்கு ஏற்றினார். மஸ்கெலிய ஓயாவின் தண்ணீரால் நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கலாம் என்று 1918இல் பொறியியலாளர் சபையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை நடைமுறைப்படுத்த அரசுக்கு ஒரு தலைமுறை பிடித்தது. லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். கம்பிகள் லயத்துக் கூரைக்கு மேலாகவே கொழும்புக்குப் போயின. கூரைக்குக் கீழே பல இடங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளாய் இருட்டு. எழுபதுகளில் ஒரு பிள்ளை முத்து காமிக்ஸை விரித்து, மின்சாரத்தால் ஒரு மனிதன் மறைவதைக் குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்தது என்றால், அந்தக் கதைக்கு லண்டனில் இல்லாத ஒரு சுவை இங்கே இருந்திருக்கும் இல்லையா?

மறைவது என்றதும் இன்னொன்று. ஒரு டவுனே மறைந்து போனது, தெரியுமா? 1969இல் மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலை காட்டும், சனம் திரண்டு போய்ப் பார்க்கும். இதை ஒரு கற்பனை காமிக்ஸில் எழுதினால் 'ரொம்பத்தான் விடுகிறான்' என்பார்கள்!

முத்து காமிக்ஸ் பிறந்த அதே ஆண்டுகளில்தான் இங்கே இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கதவு அடைபட்டது. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியபோது தென்னிந்தியப் பத்திரிகைகளும் புத்தகங்களும் அகப்பட்டுக்கொண்டன. அதனால் நம் நாட்டுப் பதிப்பகங்கள் தலையெடுத்தன, வீரகேசரி பிரசுரங்கள் வந்தன. அது நல்லதுதான். ஆனால் மாயாவிக்கு ஏங்கிய பிள்ளைக்கு அது நல்ல செய்தியா? மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் இறங்கிய பிள்ளைகளுக்கு முத்து காமிக்ஸ் பக்கத்துக் கடையில் தொங்கியது. பின்தங்கி இங்கே நின்ற பிள்ளைகளுக்கு, யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த ஒரு பிரதி, அட்டை கிழிந்து, முதல் நாலு பக்கம் போய், லயம் லயமாகச் சுற்றியது. 1977க்குப் பிறகுதான் கதவு மறுபடி திறந்தது.

மலைநாட்டில் பிறந்த முகமூடி வீரர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயரைச் சொன்னால் 'அட, ஆமாம்!' என்பீர்கள். எம்.ஜி.ஆர்! 1917 ஜனவரி 17இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர். ஹட்டனுக்கு ஏறுகிற ரயில் அந்த ஊரைத் தாண்டித்தான் வரவேண்டும். 1954இல் அவர் நடித்த 'மலைக்கள்ளன்', நாமக்கல் கவிஞரின் நாவல். பகலில் ஒரு வேடம், இரவில் ஒரு வேடம், பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கிற ஆள். பேட்மேனின் பெட்டி படுக்கை எல்லாம் இதில் இருக்கிறது, வௌவால் ஒன்றுதான் குறை. மலைக்கள்ளன், பேட்மேன் இரண்டு பேருக்கும் மூத்தவர் 1919இல் பிறந்த முகமூடி வீரர் ஸோரோ. மலைக்கள்ளன் ஐந்து மொழிகளுக்குப் போனது. அதில் ஒன்று சிங்களம்! 1957இல் 'சூரசேன' என்ற பெயரில். நாவலப்பிட்டிப் பிள்ளையின் முகமூடி, வேறொருவர் முகத்தில் ஏறி ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது.

இனி மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1992 நவம்பரில் சூப்பர்மேனைக் கொன்றார்கள். டூம்ஸ்டே என்ற அரக்கன் அடித்துக் கொன்றான். 75ஆம் இதழ். 60 இலட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கடை வாசலில் வரிசை, தொலைக்காட்சியில் செய்தி. அடுத்த ஆண்டே ஆள் எழுந்து வந்துவிட்டார். 'இதென்ன ஏமாற்று' என்று ஒரு கூட்டம், 'வீரனுக்குச் சாவு ஏது' என்று இன்னொரு கூட்டம். இன்றுவரை அந்தச் சண்டை ஓயவில்லை.

நம் தோட்டத்தில் இதை ஆண்டுதோறும் செய்கிறோம், தெரியுமா! மாசி மாதம் காமன் கூத்து. கம்பம் ஊன்றி, காமனுக்கும் ரதிக்கும் கலியாணம் கட்டி, தப்பு முழங்க லயம் லயமாக ஆடிப்போய், பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். காமன் எரிவான். பகல் முழுக்க மலையில் மருந்தடித்த மனிதர் இரவு வீரபத்திரனாக வந்து குதிக்கும்போது எதிரே நிற்க யாருக்கும் தைரியம் வராது. ரதி வேடம் கட்டியவர் மீசையை மழித்த ஆண்பிள்ளைதான். அவர் ஒப்பாரி வைக்கத் தொடங்கினால் லயத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். காமன் எரிந்தபின் உயிர் எழுப்புகிற சடங்கும் உண்டு. அடுத்த மாசிக்கு மறுபடி கம்பம், மறுபடி கலியாணம். முடிவு தெரிந்த கதைக்கு ஆண்டுக்கு ஆண்டு கூட்டம்!

'சாவு நிசமா பொய்யா' என்று காமிக்ஸ் வாசகர் அடித்துக்கொள்கிறார்களே, அதற்கும் தமிழன் முன்பே மேடை போட்டுவிட்டான். லாவணி! ஒரு பக்கம் எரிந்த கட்சி, காமன் எரிந்தான் என்று பாடும். மறுபக்கம் எரியாத கட்சி, எரியவேயில்லை என்று மடக்கும். இருவரும் டேப் என்ற கைப்பறையைத் தட்டிக்கொண்டு புராணத்திலிருந்து ஆதாரம் அள்ளி வீச, விடிய விடிய நடக்கும். அமெரிக்கக் கடை வாசலில் சட்டைப் படம் பார்த்துச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு டேப்பைக் கையில் கொடுத்தால் தெரியும் சங்கதி. என்னைக் கேட்டால், 75ஆம் இதழ் சுமார்தான். பக்கத்துக்குப் பக்கம் குத்துச்சண்டை. ரதியின் புலம்பலுக்கு ஈடாகச் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேனுக்கு ஒரு பக்கமாவது ஒழுங்காக எழுதியிருந்தால் நான் எரிந்த கட்சிப் பக்கம் நின்றிருப்பேன்.

எழுந்து வந்த காமனுக்கு என்ன ஆயிற்று என்று புராணம் சொல்கிறது, கவனியுங்கள். அவன் ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான். மற்ற எவர் கண்ணுக்கும் தெரியமாட்டான். முழு மாயாவி! ஹெசூஸ் பிளாஸ்கோ தூரிகையைத் தொடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, கண்ணுக்குத் தெரியாத வீரன் நம்மிடம் இருந்தான். இவனுக்குக் கரண்டும் வேண்டியதில்லை. குப்பி லாம்பு லயத்திலேயே மறைவான்!

பொன்னர் சங்கர் காமிக்ஸாக வந்திருக்கிறது, தெரியுமா? மலையகத்தில் காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் பக்கத்தில் வைத்து ஆடப்படும் கூத்து அது. கொங்கு நாட்டிலிருந்தும் திருச்சிப் பக்கமிருந்தும் வந்த நம் பாட்டன்மார் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்த கதை. அண்ணன்மார் படுகளத்தில் விழ, தங்கை வந்து எழுப்புவாள். இங்கேயும் மரணம், இங்கேயும் மீட்சி. ஆனால் எழுப்புகிறவள் ஒரு பெண்! அமெரிக்கக் காமிக்ஸில் இறந்த வீரர்களை எழுப்ப எத்தனையோ இயந்திரங்கள், ஒளிக்கதிர்கள், இணை உலகங்கள். தங்கையின் கண்ணீர்ச் சக்திக்கு அவை ஒன்றும் நெருங்காது.

இதைக் காமிக்ஸாக்கியவர் கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக். 1965இல் காங்கேயம் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கி, உடுக்கடிப் பாடகர்கள் இரவு இரவாகப் பாடியதை ஒலிநாடாவில் பிடித்தார். பல ஆண்டுகள் கழித்து அதையே 26 பாகமுள்ள அசையும் படமாகவும் 26 சித்திரப் புத்தகங்களாகவும் கொண்டுவந்தார், தமிழிலும் ஆங்கிலத்திலும். படங்கள் பொம்மலாட்டச் சாயலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கின்றன. மார்வெல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒட்டாது. நாலு பாகம் தாண்டுங்கள், கொம்பன் பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டு வரும், அண்ணன்மாரின் தாய் தாமரை சிவனை நோக்கித் தவம் கிடப்பாள், அதற்குப் பிறகு விடமாட்டீர்கள். எனக்குள்ள ஒரே மனக்குறை, இந்தக் கதை தேயிலை மலைக்கு ஏறி வந்து இங்கே எப்படி ஆடப்படுகிறது என்பதற்கும் ஒரு பாகம் ஒதுக்கியிருக்கலாம்.

இராவணன் இல்லாமல் இந்தப் பட்டியல் நிறையுமா? நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் ஹக்கலைப் பூங்காவுக்குச் சற்று முன்னால் சீதாஎலிய. சீதையைச் சிறை வைத்த அசோகவனம் இதுதான் என்று சனம் நம்புகிறது. அம்மன் கோயிலுக்கு அடியில் ஓடும் ஆற்றுப் பாறையில் இருக்கும் குழிகளை அனுமன் பாதம் என்று காட்டுவார்கள். றம்பொடைக் குன்றில் அனுமனுக்கே கோயில். எல்லப் பக்கம் இராவணன் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி. ஒரு வீரநாயகனுக்கும் ஒரு பெருவில்லனுக்கும் நிசமான பஸ் பாதையில் அடுத்தடுத்து நிறுத்தங்கள் உள்ள ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! பேட்மேனின் கொத்தம் நகருக்கு டிக்கெட் கிடைக்குமா?

2006இல் வெர்ஜின் காமிக்ஸ் இராமாயணத்தைத் தூக்கி கி.பி. 3392ஆம் ஆண்டில் போட்டது. 'ராமாயண் 3392 ஏடி'. தீபக் சோப்ராவும் சேகர் கபூரும் கருக்கொடுத்தது, ஷமிக் தாஸ்குப்தா எழுதியது. அபிஷேக் சிங்கின் ஓவியம் இருக்கிறதே, அப்பப்பா, ஒவ்வொரு பக்கத்தையும் சட்டம் போட்டு மாட்டலாம்! கதைதான் நழுவுகிறது. இராவணன் வெறும் அசுரக்கும்பலின் தலைவன். வீணை எங்கே? சாமகானம் எங்கே? சிவபக்தன் எங்கே? வில்லனுக்கு ஒரு நியாயம் இல்லையென்றால் கூத்துக்களத்தில் அண்ணாவியார் விடமாட்டார். அந்த வெர்ஜின் காமிக்ஸ் 2008இலேயே கடையைக் கட்டிவிட்டது.

இராவணன் மட்டும் அடங்கவில்லை. 2019இல் விண்வெளிக்கே போய்விட்டான்! இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதிக்கு 'ராவணா 1' என்று பெயர் வைத்து, ஜப்பானில் இரண்டு இலங்கையர் உருவாக்கி, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஏவினார்கள். புஷ்பக விமானம் பழைய செய்தி!

கடைசியாக, என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு அவசர அவசரமாகச் சில சொற்கள். ஜொனதன் ஹிக்மன் எழுதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' 2024 ஜனவரியில் தொடங்கியது, பீற்றர் பார்க்கருக்கு அதில் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடப் பையன் கதையே அலுத்துப்போன குடும்பஸ்தர்கள் தாராளமாக எடுக்கலாம். 'அப்சலூட் வொண்டர் வுமன்' நரகத்தில் சூனியக்காரி வளர்த்த பெண்ணின் கதை, ஹெய்டன் ஷேர்மனின் படங்களுக்காகவே பார்க்கவேண்டும். தமிழில்தான் வேண்டும் என்றால் சிவகாசிக்காரர்களின் தோர்கல் இருக்கிறது. பனியும் மூடுபனியும் மாயமுமான அந்தக் கதைக்குப் பீதுருதலாகலை அடிவாரம் பொருத்தமான வாசிப்பறை. ஆனால் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை வட்டவளைப் பக்கம் மழை கொட்டும்போது தோர்கலைத் தொடாதீர்கள், குளிர் இரட்டிப்பாகும். அந்த மாதங்களுக்கு டெக்ஸ் வில்லர்தான் சரி. அவர் கதையில் ஒரு பக்கம் விடாமல் அரிசோனா வெயில் காய்கிறது.